ஆறு பாட்டு போதுமா?

1996 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த 'பராப்பா த ராப்பர்' கேமில் மொத்தமே ஆறு கட்டங்கள்தான். கட்டத்துக்கு ஒரு பாட்டு. காகிதத்தில் வெட்டி எடுத்தது போலத் தட்டையாக இருக்கும் ஒரு நாய்க்குட்டி, தான் ஆசைப்படும் பெண்ணின் மனத்தைப் பிடிப்பதற்காகக் கராத்தே கற்கிறது, கார் ஓட்டப் பழகுகிறது, கேக் செய்கிறது, அவசரத்துக்குக் கழிப்பறை வரிசையில் முண்டியடிக்கிறது. எல்லாம் ராப் பாடியபடியே. சொல்லிக் கொடுப்பவர் ஒரு வரி பாடுவார். திரையில் ஓடும் குறிகளைப் பார்த்து அதே தாளத்தில் பட்டனைத் தட்டினால் பராப்பா அதைத் திருப்பிப் பாடும். தாளம் கைக்கு வந்துவிட்டால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இன்றைக்கு இப்படி ஒரு கேமை முழு விலை போட்டு விற்றால் காசு போச்சு என்று பொங்கித் தீர்த்துவிடுவார்கள். அன்றைக்கோ அது ஜப்பானில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. தாளத்தை வைத்து ஆடும் கேம்கள் என்று ஒரு தனி வகையே உருவாக அது ஒரு முக்கியக் காரணம்.

கேம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற வாக்குவாதம் ஓயாதது. அதற்கு விடை தேடுபவர்கள் பெரும்பாலும் கதை சொல்லும் கேம்களையும் திறந்த உலக கேம்களையும் எடுத்துவைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். இசை கேம்களை வைத்துப் பேசினால் விஷயம் சீக்கிரம் தெளிவாகும் என்பது என் கட்சி. காரணம் எளிது. மற்ற கேம்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இரண்டு அளவுகள் இசை கேமில் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. முதல் முறை தொடக்கத்திலிருந்து முடிவு வரை போக ஆகும் நேரம் ஒன்று. முடித்த பிறகும் அதே இடத்துக்கு எத்தனை தடவை திரும்பி வரத் தோன்றுகிறது என்பது இன்னொன்று. நாலு நிமிடப் பாட்டை நாம் நாலு நிமிடம் மட்டும் கேட்பதில்லை. பிடித்த பாட்டாக இருந்தால் வருஷக்கணக்கில் கேட்கிறோம். பாட்டின் நீளம் குறைவு என்று யாரும் குறைப்பட்டுக்கொள்வதும் இல்லை. அந்தப் பாட்டையே பத்து நிமிடமாக இழுத்திருந்தால் இத்தனை தடவை கேட்டிருப்போமா என்பது சந்தேகம். முதல் அளவைக் கூட்டப்போய் இரண்டாவதைக் கெடுத்துக்கொள்வதுதான் இன்றைய கேம்களின் வியாதி.

முதல் அளவின் மீது எப்படிப்பட்ட மயக்கம் இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஜனவரியில், 'டையிங் லைட் 2' வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போது, அதைச் செய்த போலந்து நிறுவனமான டெக்லாண்ட் ட்விட்டரில் ஒரு பெருமை பேசியது: கேமில் உள்ள அத்தனையையும் செய்து முடிக்க 500 மணி நேரம் ஆகும், வார்சாவிலிருந்து மாட்ரிட்டுக்கு நடந்தே போகும் நேரத்துக்கு ஏறக்குறைய சமம் என்று. கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. வந்தது கிண்டலும் எரிச்சலும். வேலைக்குப் போகிற மனிதன் எப்போது இதை முடிப்பது என்று கேள்விகள் குவிந்தன. உடனே நிறுவனம் இறங்கி வந்து, முக்கியக் கதையை மட்டும் பார்த்தால் 20 மணி நேரம்தான் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நீளத்தை விளம்பரமாக்கியவர்களே சீக்கிரமே குறைவை விளம்பரமாக்கினார்கள். ஆனால் இரண்டு அறிவிப்பிலும் அளவுகோல் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 500 என்றாலும் 20 என்றாலும் மணிக்கணக்குதான் பேச்சு.

நீளத்தைப் பெரும்பாலும் கலை தீர்மானிப்பதில்லை, அதை ஏற்றி வரும் பொருளே தீர்மானிக்கிறது என்பதை இசைத் துறை நன்றாக அறியும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும் என்பதால் நம் கர்நாடக சங்கீத வித்வான்கள் கச்சேரியில் விரித்துப் பாடும் கீர்த்தனையை அதற்குள் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் இடம் கிடைத்தது. ஆல்பம் என்று நாம் இன்று சொல்லும் வடிவம் அந்த இரண்டு பக்கங்களுக்குள் வளர்ந்தது. பிறகு குறுந்தகட்டில் 74 நிமிடம் வந்தது. இடம் இருக்கிறதே என்று நிரப்பினார்கள். தொண்ணூறுகளின் பல பாப், ராப் ஆல்பங்களில் பின்பாதி தொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கேம்களுக்கும் இதே கதைதான். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் காலம் வந்த பிறகு கொள்கலன் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. போதும் என்று சொல்ல வேண்டியவர் செய்கிறவர் ஒருவர்தான். அவரோ வாங்குகிறவரின் மணிக்கணக்குக்குப் பயந்தவர்.

இசை கேம்கள் பிறந்த இன்னொரு இடத்தில் அந்தக் கணக்கை நாணயம் போட்டது. கொனாமி நிறுவனத்தின் 'பீட்மேனியா' 1997இலும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' 1998இலும் ஜப்பானிய ஆர்கேடுகளுக்கு வந்தன. ஒரு நாணயம் போட்டால் மூன்று பாட்டு அளவுக்கு ஆடலாம். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார். கடைக்காரருக்கு அடுத்த நாணயம் விழ வேண்டும். அதனால் பாட்டுகளை ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு வெட்டினார்கள். முன்னிசை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நேரே பல்லவியில் விழுவோம். வியாபாரத்துக்காகச் செய்த வெட்டுதான். ஆனால் காலால் அம்புக்குறிகளை மிதித்து ஆடுகிற உடம்புக்கும் இரண்டு நிமிடம்தான் தாங்கும் என்பதால் அது அப்படியே பொருந்திப் போனது. இங்கே முடிவு என்று எதுவும் கிடையாது. எத்தனை மணி நேர கேம் என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. இரண்டு நிமிடம் என்றாலும் சரி, பத்து வருஷம் என்றாலும் சரி. ஆர்கேடே கதி என்று கிடப்பவர்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று 'ரெஸ்'. டெட்சுயா மிசுகுச்சி தலைமையில் செய்யப்பட்டு 2001இல் சேகா டிரீம்காஸ்ட்டுக்கும் பிளேஸ்டேஷன் 2க்கும் வந்தது. ஐந்து பகுதிகள். ஓவியர் காண்டின்ஸ்கியை மனத்தில் வைத்துச் செய்தது. கோடும் ஒளியுமாக விரியும் ஒரு வெளியில் ஓர் உருவம் தானாக முன்னே பறந்துகொண்டிருக்கும், எதிரிகளைக் குறி வைத்துச் சுடுவது மட்டும்தான் நம் வேலை. ஆனால் சுட்ட சத்தம் நாம் பட்டனை விட்ட நொடியில் ஒலிக்காது. மிக நுட்பமாகத் தள்ளி, அடுத்த தாள அடியில் வந்து விழும். நாம் எப்படிச் சுட்டாலும் அது பாட்டுக்குள் சேர்ந்துவிடும். முதல் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் பத்து அடுக்குகள். வழியில் எதிர்ப்படும் ஒரு கனசதுரத்தைச் சுட்டுத் திறந்தால்தான் அடுத்த அடுக்கு. திறந்ததும் இசையிலும் ஓர் அடுக்கு கூடும். வெறும் டிரம்மாகத் தொடங்கியது மெல்ல மெல்ல முழுப் பாட்டாகும். முழுவதையும் ஆடி முடிக்கச் சுமார் ஒரு மணி நேரம். அன்றைக்கே இது குட்டை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ஐந்து நிமிடத்தை இரட்டிப்பாக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அடுக்குகள் கூடிக்கொண்டே போவதுதான் இதன் உயிர். பத்தாவது அடுக்குக்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் ஓடினால் ஒரே இசை திரும்பத் திரும்ப வரும், காது உடனே கண்டுபிடித்துவிடும். மற்ற கேம்களில் பத்தாவது முகாமைப் பிடிக்கும்போது கண்ணும் கையும் பழக்கத்தில் ஓடிவிடும். காது அப்படி ஏமாறாது. 2016இல் 'ரெஸ் இன்ஃபினிட்' என்று மறுபடி வெளியிட்டபோது அவர்கள் புதிதாகச் சேர்த்தது ஒரே ஒரு பகுதி. பதினைந்து வருஷப் பழைய கேமை மக்கள் திரும்பக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

எதிர்த்திசையில் ஓடியவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். ஹார்மோனிக்ஸ் நிறுவனம் செய்த முதல் 'கிட்டார் ஹீரோ' 2005இல் வந்தது. பிளாஸ்டிக் கிட்டார், ஐந்து வண்ண பட்டன்கள், உரிமம் வாங்கிய முப்பது ராக் பாடல்கள், போனஸாகப் பதினேழு. பிறகு ஹார்மோனிக்ஸ் எம்டிவி பக்கம் போய் 2007இல் 'ராக் பேண்ட்' செய்தது. கிட்டார் ஹீரோ பெயர் ஆக்டிவிஷன் நிறுவனத்திடம் வந்தது. மூன்றாவது கிட்டார் ஹீரோவின் விற்பனை மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டியது என்று ஆக்டிவிஷன் அறிவித்தது. அதன் பிறகு என்ன செய்தார்கள்? 2009 என்ற ஒரே ஆண்டில் மெட்டாலிகா, ஸ்மாஷ் ஹிட்ஸ், ஐந்தாவது பாகம், டிஜே ஹீரோ, பேண்ட் ஹீரோ, வான் ஹேலன் என்று கடைத் தட்டை நிரப்பினார்கள். அமெரிக்காவில் இசை கேம் விற்பனை அந்த ஆண்டு ஏறத்தாழ பாதியாக விழுந்தது. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடியது. பொருளாதார மந்தம், வீட்டில் ஏற்கெனவே இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வாத்தியங்கள், அவற்றின் விலை என்று காரணங்கள் பல உண்டு; எல்லாப் பழியையும் நீளத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் ஒரு கேமுக்குள் திணிப்பதும் ஒரே கேமை ஆண்டுக்கு ஆறு முறை விற்பதும் ஒரே புத்தியின் இரண்டு வேலைகள். நேற்று வாங்கியதை ஆசை தீர ஆடுவதற்குள் நாளைக்கு வாங்க வேண்டியதைக் காட்டினால், இரண்டாவது அளவு வளரவே இடமில்லை.

அதே 2009இல், செப்டம்பர் 9 அன்று வந்த 'த பீட்டில்ஸ்: ராக் பேண்ட்' அந்தக் கூட்டத்தில் தனியாக நின்றது. தட்டில் 45 பாடல்கள். கொடுக்கும் பணத்துக்கு இது போதுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் தொடங்கி, எட் சல்லிவன் நிகழ்ச்சி, ஷியா ஸ்டேடியம், டோக்கியோவின் புடோகான் வழியாக, ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குள் புகுந்து, 1969இன் மொட்டைமாடிக் கச்சேரியில் முடிகிறது. ஒரு குழு உருவாகி, உலகம் சுற்றி, மேடையை விட்டு ஸ்டுடியோவுக்குள் அடைந்து, பிரிந்த வரிசையில் பாட்டுகள் போகின்றன. இந்தக் கேமில் மொட்டைமாடிக்குப் பிறகு ஒரு கட்டம் வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. முடிவு உள்ள கேம் இது; முடிவு இருப்பதாலேயே முதலிலிருந்து திரும்ப ஆடத் தோன்றுகிறது.

முடிவே இல்லாத நீளத்துக்கும் ஒரு பாடம் உண்டு. 2015இல் ஆக்டிவிஷன் 'கிட்டார் ஹீரோ லைவ்' என்று மீண்டும் ஒரு முயற்சி செய்தது. தட்டில் 42 பாடல்கள். மற்றதெல்லாம் தொலைக்காட்சி சானல் மாதிரி இணையத்தில் இடைவிடாது ஓடும், போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். 2018 டிசம்பரில் சர்வரை நிறுத்தினார்கள். கையில் மிஞ்சியது அந்த 42. முடிவில்லாதது என்று விற்கப்படும் எதற்கும் ஒரு முடிவு உண்டு. அதைத் தீர்மானிப்பது கேம் ஆடுபவரும் அல்ல, கேம் செய்தவரும் அல்ல, கணக்கு எழுதுபவர்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். ராக் பேண்ட் கடையில் 4,000த்துக்கும் மேற்பட்ட பாடல்கள் சேர்ந்தனவே, 2024 ஜனவரி வரை புதுப் பாட்டு வந்துகொண்டிருந்ததே, அது மட்டும் எப்படி நிலைத்தது? அதை நான் நீளம் என்றே சொல்லவில்லை. அந்த 4,000ஐயும் வரிசையாக முடிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் தமக்குப் பிடித்த இருபதை வாங்கி அதையே ஆடுவார், இன்னொருவர் வேறு இருபது. அது வாத்தியத்துக்கு வேண்டிய பாட்டு அலமாரி. நாலாயிரத்தில் ஒன்றை ஆட மற்றதை ஆடி முடித்தாக வேண்டும் என்று பூட்டி வைத்திருந்தால்தான் அது நீளம் ஆகும். உண்மையில் தொடக்ககால கிட்டார் ஹீரோக்களில் அப்படித்தான் இருந்தது. நான்கு பாட்டை ஆடினால்தான் அடுத்த தொகுப்பு திறக்கும். விருந்துக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து ஆட நினைப்பவருக்கு அதைப் போல எரிச்சல் வேறில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நூறு மணி நேரம் ஆடினால்தான் கிடைக்கும் சில அனுபவங்கள் இருக்கின்றன. அந்த ஊர்களும் மனிதர்களும் நமக்குச் சொந்தமாக அவ்வளவு காலம் தேவை. 'பர்சோனா 5' போன்ற கேமை ஐந்து மணி நேரத்தில் சுருக்கினால் அதில் ஒன்றுமே மிஞ்சாது. ஒப்புக்கொள்கிறேன். இதற்கு எதிர்ச்சான்று தேடப்போனால் எனக்கு எதிராகவே ஓர் இசை கேம் சாட்சி சொல்கிறது: 2023இல் வந்த 'தியட்ரிதம் ஃபைனல் பார் லைன்'. ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் 385 பாடல்களை இரண்டு இரண்டு நிமிடமாக ஆட விடுகிறது. தாளக் குறிகள் ரொம்ப எளிது. தனியாகப் பார்த்தால் பெரிய வித்தை எதுவும் இல்லை. அது மனத்தைத் தொடுவதற்குக் காரணம், ஆடுபவர் அந்தப் பாட்டை முன்பே வேறொரு கேமில் நாற்பது, ஐம்பது மணி நேரம் கேட்டபடி அலைந்திருப்பதுதான். அந்த நீளம் இல்லாமல் இந்தக் குறுக்கம் இல்லை. ஆக, நீளமே கூடாது என்பது என் வாதமாக இருக்க முடியாது. நீளம் ஏதாவது சேர்த்து வைக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நூறு மணி நேரம் அலைந்த பிறகு அதன் இசை இரண்டு நிமிடம் கேட்டதும் அத்தனையும் திரும்ப வருகிறது என்றால் அந்த நூறு மணி வீண் போகவில்லை. இன்றைய திறந்த உலக கேம்கள் பலவற்றில், வரைபடத்தில் இருநூறு குறிகளைத் துடைத்து முடித்த பிறகு எந்தப் பாட்டு நினைவில் நிற்கிறது?

கதை கேமையும் இசை கேமையும் கலக்க முயன்றதில் அண்மையில் வந்த நல்ல முயற்சி, டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியிட்ட 'ஹை-ஃபை ரஷ்'. நாயகன் நடப்பது, மரம் அசைவது, இயந்திரம் இயங்குவது எல்லாம் தாளத்தில். அடி விழுவதும் தாளத்தில். ஆல்பம் போலவே பன்னிரண்டு 'டிராக்'குகளாகப் பிரித்திருக்கிறார்கள். முடிக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சண்டைகள் ஒவ்வொன்றும் அருமை, தலைமை எதிரிகளோடு மோதும்போது ஒலிக்கும் பாடல்கள் அதைவிட அருமை. ஆனால் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே தாவிக் கடக்கும் பாலங்களும் நடைபாதைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே தாளம் பின்னணிக்குப் போய்விடுகிறது. இது நான்கு மணி நேரம் குறைந்திருந்தால் அப்பழுக்கில்லாததாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்தப் பாலங்களையும் ரசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

இதற்கு மறுகோடியில் ஸ்வீடனின் மால்மோ நகரத்து சிமோகோ நிறுவனம் 2019இல் கொடுத்த 'சயோனாரா வைல்ட் ஹார்ட்ஸ்'. விளையாடக்கூடிய ஒரு பாப் ஆல்பம் என்றே நினைத்துச் செய்தது. மோட்டார் சைக்கிள், வாள், மான், பறக்கும் கப்பல் என்று நிமிடத்துக்கு நிமிடம் ஆட்டம் மாறும். பாட்டு முடிந்தால் கட்டம் முடிந்தது. ஓர் இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், தாண்டிப் போகட்டுமா என்று கேமே கேட்கும். பாட்டு அறுந்துபோவதைவிட வெற்றியை விட்டுக்கொடுப்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். முதல் தடவை முடிக்க ஒன்றரை மணி நேரம். முடித்ததும் எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் ஒரே ஓட்டமாக ஆடும் ஒரு முறை திறக்கிறது. உண்மையான கேம் அதுதான் என்று சொல்வேன். முதல் ஒன்றரை மணி நேரம் அதற்கான ஒத்திகை.

காசுப் பிரச்சினைக்கு வருகிறேன். மாணவன், மாதத்துக்கு ஒரு கேம் வாங்கவே யோசிக்கிறவன், ஒன்றரை மணி நேரத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் அவனிடம் கலை பேசுவது அராஜகம். மணிக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கு அவனுக்கு நியாயமானதே. ஆனால் அது விலையைப் பற்றிய கேள்வி. சயோனாரா 13 டாலருக்கு விற்றது, பெரிய கேம்கள் 60 டாலருக்கு விற்ற அதே ஆண்டில். ஆப்பிள் ஆர்கேட் மாதச் சந்தா கட்டியவர்களுக்குத் தனி விலையே இல்லை. சின்ன கேமுக்குச் சின்ன விலை என்றால் சண்டை முடிந்தது.

முடியவில்லை என்பதற்கு ஸ்டீம் என்ற இணைய கேம் கடையின் ஒரு விதி காரணம். 2015 ஜூனிலிருந்து, வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்டதும் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்குகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு, இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை மணி நேர கேமை முழுக்க ஆடி, ரசித்து, பிறகு பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் எமிகா கேம்ஸ் என்ற சிறு படைப்பாளி, தன் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமை நல்லபடியாக மதிப்பிட்டவர்களே ஏராளமாகப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், இனி காலவரையின்றி கேம் செய்வதை விடுகிறேன் என்று அறிவித்தார். இப்படி ஒன்று நடந்த பிறகு அடுத்தவர் என்ன செய்வார்? இரண்டு மணி நேரத்தைத் தாண்ட இன்னும் இரண்டு நடைபாதை சேர்ப்பார். திரும்பப் பெறும் நேரத்தை ஒரே எண்ணாக வைக்காமல், கேமின் அளவில் இத்தனை பங்கு என்று வைக்கலாம். படைப்பாளி சொல்லும் நீளத்தைக் கடை சரிபார்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கு ஆடும் வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்று விதித்தால் பெரிய கேமுக்கும் சின்னதற்கும் பொதுவாக இருக்கும். நீளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொல்வார்கள், சரிபார்க்கும் வேலை யார் தலையில் விழுவது என்ற சிக்கல் உண்டு. ஆனால் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற கணக்கு ஸ்டீமிடம் ஏற்கெனவே இருக்கிறது. பணம் திரும்பக் கேட்கும்போது அதைப் பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்.